அப்பாருவின் ரெட்டைக்குழலும் அப்பா கேட்கும் லைசென்சும்: தோட்டத்து வீட்டுக்குத் துப்பாக்கி வேண்டுமா?

சாளைக்காரன்

அப்பாவுக்கு 71 வயது, அம்மாவுக்கு 67. காங்கேயத்துக்குத் தெற்கே தோட்டத்துச் சாளையில் இரண்டு பேர் மட்டும் இருக்கிறார்கள். பக்கத்துச் சாளைக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் வேலியுள்ள இட்டேரித் தடத்தில் பத்து நிமிசம் நடக்க வேண்டும். நான் ஓசூரில், தங்கச்சி மஸ்கட்டில். 2024 நவம்பர் கடைசியில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் அப்பா, அம்மா, மகன் மூன்று பேரையும் கொன்றார்களே, அன்றிலிருந்து அப்பா சரியாகத் தூங்குவதில்லை. 2025 மே மாதம் சிவகிரி பக்கம் வயதான தம்பதி அதே மாதிரி கொலையானது தெரியவந்தபோது சுத்தமாகத் தூக்கம் போய்விட்டது. தலைமாட்டில் அரிவாள், கால்மாட்டில் டார்ச். போன வாரம் ஊருக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "கலெக்டர் ஆபீசுக்குத் துப்பாக்கி லைசென்சு கேட்டு எழுதிப் போடலாம்னு இருக்கேன், ஆன்லைன்ல நீ போட்டுக் குடு" என்றார். ரசம் ஊற்றச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

எங்கள் வீட்டுக்குத் துப்பாக்கி புதிதல்ல. அப்பாரு, அப்பாவின் அப்பா, ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார், பன்னிரண்டு போர் (bore) அளவு. வால்பாறையில் எஸ்டேட் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது விற்றதை வாங்கினாராம். வீட்டு முன்கூடத்து ஆசாரத்தில் இரண்டு ஆணியில் படுக்கை வாக்கில் மாட்டியிருக்கும். ஆயுத பூசைக்குக் கலப்பை, அரிவாள், மோட்டார் எல்லாவற்றுக்கும் வைப்பதுபோல அதற்கும் மூன்று பட்டை விபூதி, சந்தனம், குங்குமம். அவர் அதைச் சுட்டு நான் பார்த்தது இரண்டே தடவை, இரண்டும் வெறிநாய்க்கு.

நாங்கள் சுட்டோம். 1994 தைப்பூசம், எல்லோரும் சிவன்மலைத் தேருக்குப் போய்விட்டார்கள். நானும் பெரியப்பா மகனும் காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டில் தங்கினோம். அவனுக்கு 17, எனக்கு 16. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மாடு மேய்கிற கொரங்காட்டுக்குப் போய், சோளக்காட்டுப் பொம்மையின் மண்டைச் சட்டியை வெள்வேல மரத்தடியில் வைத்தோம். அவன் சினிமாவில் பார்த்தபடி இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் எங்கேயோ வைத்துக்கொண்டு இரண்டு குதிரையையும் ஒரே நேரத்தில் அமுக்கினான். சட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, அவன் காரை எலும்பு போய்விட்டது. கிளுவை வேலிக்கு அந்தப்பக்கம் மேய்ந்த மாடுகள் பிய்த்துக்கொண்டு ஓடியதில் ஒரு கிடாரி இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தது. தேர்க் கூட்டத்துக்குப் போகிற வழியில் சைக்கிளில் இருந்து விழுந்தான் என்று சொல்லிப் பார்த்தோம். எலும்புக் கட்டுப் போடுகிற பெரியவர் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்பாருவை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

அப்பாரு அடிக்கவில்லை. மறுநாளிலிருந்து பொழுது சாய்ந்ததும் தகரப் பெட்டியைத் திறந்து, தோட்டா எத்தனை என்று நான் எண்ணிச் சொல்ல வேண்டும். "பன்னண்டுங் அப்பாரு." "செரி, மூடு." இது இரண்டு வருசம் நடந்தது. இப்போதுகூட மாத்திரை டப்பாவைத் திறந்தால் எண்ணாமல் மூட வராது.

சரி, விசயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு லைசென்ஸ் எழுதிப் போடலாமா? கிடைக்குமா? கிடைத்தால் நல்லதா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

கொடிவேரி

இதில் யோசிக்க என்ன இருக்கிறது, உடனே போடுங்கள். 100க்கு அடித்தால் வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். நகைக்காகக் கிழவன் கிழவி மண்டையை உடைக்கிறவனிடம் அரிவாளைக் காட்டி என்ன செய்ய? வாசலில் ஒரு வெடிச் சத்தம் கேட்டால் பத்து மைலுக்கு அந்தப்பக்கம் ஓடிவிடுவான். தீரன் சின்னமலை பிறந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு பாதுகாப்புக்கு யாரிடமோ கெஞ்ச வேண்டியிருக்கிறது. பாளையக்காரர்களை அடக்கியதும் 1801 டிசம்பரில் வெள்ளைக்காரன் செய்த முதல் வேலையே ஆயுதத்தையெல்லாம் ஒப்படைக்கச் சொன்னதுதான். 1878இல் சட்டமே போட்டான், அதிலும் வெள்ளைக்காரனுக்கு லைசென்ஸ் வேண்டாம், நமக்கு வேண்டும். அவன் போய் எத்தனை வருசமாகிறது, நாம் இன்னும் மனுப் போட்டுக்கொண்டிருக்கிறோம். பக்கத்தில் குடகுக்காரர்களைப் பாருங்கள், அவர்களுக்கு அன்று கொடுத்த விலக்கு இன்றும் இருக்கிறது. கைல்போத் நோம்பிக்குத் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். அங்கே என்ன தினமும் கொலையா விழுகிறது?

வக்கீல்_மாமா

கொடிவேரியார் சூடாக இருக்கிறார். வரலாறு தப்பில்லை, ஆனால் சின்னமலையை வைத்து மனு எழுதினால் கலெக்டர் ஆபீசில் சிரிப்பார்கள்.

சாளைக்காரருக்கு. 1959 ஆயுதச் சட்டம் 13ஆவது பிரிவில், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, உள்ளே வரிப்பள்ளம் இல்லாத துப்பாக்கியைப் பாதுகாப்புக்கென்று கேட்டால் கொடுக்க வேண்டும் என்று தெளிவாகவே இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு என்றால் மருந்து கெட்டித்துச் சுடுகிற நாட்டுத் துப்பாக்கி. எழுத்தில் இருப்பது இது. நடைமுறையில் போலீஸ் அறிக்கை போகும், தாசில்தார் அறிக்கை போகும், "இவருக்குக் குறிப்பிட்ட அச்சுறுத்தல் எதுவும் இல்லை" என்ற ஒரு வரியில் திரும்பி வந்துவிடும். என்னிடம் வந்த மனுக்களில் பாதிக்கு மேல் அந்த வரியில்தான் செத்தன. அப்பீல் உண்டு. 2016 விதிப்படி துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி எடுத்த சான்றிதழ் வேண்டும், பூட்டி வைக்க இடம் இருப்பதைக் காட்ட வேண்டும். இந்தப் பூட்டு விசயத்தை யாரும் யோசிப்பதில்லை. பீரோவுக்குள் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, தோட்டாவை வேறு இடத்தில் வைத்திருக்கிற 71 வயதுக்காரர், கதவு உடைகிற சத்தம் கேட்டு எழுந்து, கண்ணாடியைத் தேடி, சாவியைத் தேடி... மிச்சத்தை நீங்களே நினைத்துப் பாருங்கள். பூட்டாமல் தலைமாட்டில் வைத்தால் லைசென்ஸ் நிபந்தனைக்கு விரோதம்.

இன்னொரு வேடிக்கை. அதே விதிகளில் 70 வயதைத் தாண்டியவர் தன் துப்பாக்கியை வாரிசுக்கு மாற்றிக் கொடுக்க வழி வைத்திருக்கிறார்கள். சட்டம் கையிலிருந்து இறக்கிவைக்கலாம் என்கிற வயதில் உங்கள் அப்பா எடுக்கக் கேட்கிறார். தடை ஒன்றும் இல்லை, சும்மா சொன்னேன்.

சுட்டால் என்ன ஆகும் என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்புப் பிரிவுகள் 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை வீட்டை உடைத்து வருகிறவன் விசயத்தில் உயிரை எடுக்கிற அளவுக்கும் உரிமை உண்டு. ஆனால் தேவைக்கு மேல் போகக் கூடாது. நகையைப் போட்டுவிட்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டால் அது தற்காப்பு என்று கோர்ட்டில் நிற்பது ரொம்பக் கஷ்டம். அதை நிரூபிக்க நான்கைந்து வருசம் நடக்க வேண்டும்.

பவானிக்காரி

எல்லோரும் வெளியிலிருந்து வருகிற திருடனைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். எங்கள் பெரியப்பா ஒருத்தர் முறையான லைசென்ஸ், முறையான துப்பாக்கி, வருசா வருசம் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தவர். திருடன் ஒருநாளும் வரவில்லை. வரப்புத் தகராறு வந்தது. ஒன்றரை அடி வரப்பு. பங்காளி மண்வெட்டியோடு நின்றார், இவர் வீட்டுக்குள் போய் எடுத்து வந்தார். மண்வெட்டிக்கு மண்வெட்டி என்றால் மண்டை உடைந்திருக்கும், பத்துத் தையலோடு முடிந்திருக்கும், அடுத்த கல்யாணத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது ஒரு குடும்பத்தில் ஆள் இல்லை, இன்னொரு குடும்பத்தில் ஆள் இருந்தும் இல்லை. ஜெயிலில் இருந்து வந்த பிறகு பெரியப்பா யாரோடும் பேசிப் பார்த்ததில்லை. மாடுகளோடு மட்டும் பேசுவார். அந்த வரப்பு இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது, இப்போது அதில் யாரும் நடப்பதுகூட இல்லை.

கொடிவேரி அண்ணா, வெடிச் சத்தம் கேட்டால் ஓடிவிடுவான் என்கிறீர்களே, அதற்குப் பட்டாசு போதும்.

டல்லாஸ்_ராசு

கரூர்க்காரன், 2009இலிருந்து டெக்சாசில். இங்கே 2021 செப்டம்பரிலிருந்து 21 வயதானவர், சட்டத் தடை ஏதும் இல்லாதவர், கைத்துப்பாக்கியை லைசென்சே இல்லாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு போகலாம். ராத்திரியில் திருடனிடமிருந்து சொத்தைக் காப்பாற்றச் சுடுவதற்குக்கூட இங்குள்ள சட்டத்தில் சில நிபந்தனைகளோடு இடம் உண்டு. கொடிவேரியார் வந்தால் ஊருக்குத் திரும்ப மாட்டார்.

நானும் வாங்கினேன். எச்1பி என்கிற வேலை விசாவில் இருக்கிறவன் சாதாரணமாக வாங்க முடியாது, வேட்டை லைசென்ஸ் எடுத்தால் முடியும் என்று ஒரு சந்து இருக்கிறது. நம் பையன்கள் நிறையப் பேருக்கு அது தெரியும். வாழ்க்கையில் கொசுவைத் தவிர எதையும் கொல்லாதவன் நான், வேட்டை லைசென்ஸ் எடுத்தேன். சனிக்கிழமை சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் படமெடுத்து வாட்ஸப்பில் போடுவேன். முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, வேறென்ன. ஒருமுறை ரேஞ்சில் மாட்டிக்கொண்ட தோட்டாவை எடுக்கப் பார்த்தபடியே துப்பாக்கியைப் பக்கத்து ஆள் பக்கம் திருப்பிவிட்டேன். அங்கே இருந்த தாத்தா ஒருத்தர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது.

பிறகு மகன் பிறந்தான், இரும்புப் பெட்டி வாங்கினேன், பெட்டிக்குள் போனதுதான், அப்புறம் வெளியே வரவே இல்லை. 2023 ஏப்ரலில் கான்சஸ் சிட்டியில் தம்பிகளைக் கூட்டிவரப் போன 16 வயதுப் பையன் ஒருத்தன் தெரு மாறித் தப்பான வீட்டு மணியை அடித்துவிட்டான். உள்ளே தனியாக இருந்த 84 வயதுக்காரர் சுட்டார். பையன் பிழைத்தது அதிர்ஷ்டம். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தப் பையன் மேல் மட்டுமல்ல, அந்தக் கிழவர் மேலும் பரிதாபம் வந்தது. தனியாக இருக்கிற வயசாளி, இருட்டு, மணிச் சத்தம், பயம். சாளைக்காரரே, உங்கள் அப்பாவை நீங்கள் சொன்ன விதத்தில் எனக்கு அவர்தான் ஞாபகம் வந்தார். மன்னிக்கவும்.

இன்னொன்று. 2021இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். திருடனும் இல்லை, எதிரியும் இல்லை.

கொடிவேரி

அமெரிக்காக் கதையெல்லாம் இங்கே பொருந்தாது தம்பி. அங்கே ஆளுக்கு ஒன்றுக்கு மேல் இருக்கிறது. இங்கே நான் கேட்பது தோட்டத்தில் தனியாக இருக்கிற குடும்பத்துக்கு ஒன்று. பவானிக்காரம்மா சொன்னது மனசைக் கஷ்டப்படுத்துகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வரப்புத் தகராறில் அரிவாளாலும் வெட்டிக்கொள்கிறார்கள், அதற்காக அரிவாளுக்கு லைசென்ஸ் கேட்கிறோமா?

முறிகண்டி

நான் வன்னிப் பக்கம். எங்கட ஊரில் துவக்கு என்று சொன்னாலே கதை வேறு மாதிரிப் போகும், அதற்குள் நான் போகவில்லை. இது அதற்கு முந்தின காலம். அப்பப்பாவிடம் ஒரு இடியன் துவக்கு இருந்தது, மருந்து போட்டு இடித்து, சன்னம் போட்டு, திரும்ப இடித்து வெடிக்கிறது. பன்றிக்கும் யானைக்கும் வயல் காவல். காவல் கொட்டிலில் விடிய விடிய இருக்க ஏலாமல் சிலர் கட்டுத்துவக்குக் கட்டினார்கள், பன்றி வரும் பாதையில் கம்பியை இழுத்துத் துவக்கைக் கட்டிவிட்டு வீட்டில் போய்ப் படுக்கிறது. கம்பிக்குப் பன்றியும் ஒன்று, மனிசரும் ஒன்று. என்ர சின்னையா விறகுக்குப் போனவர், முழங்காலுக்குக் கீழே போனது. கட்டினது யார் என்று ஊருக்கே தெரியும், அவரும் சொந்தம்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன நாலு பேரில் அவரும் ஒருவர். அழுதுகொண்டு தூக்கினார் என்று அம்மா சொல்லுவா. சின்னையா கடைசிவரை பொலிசுக்குப் பேர் சொல்லவில்லை.

கொல்லிமலை_மிளகு

எங்கள் மலையிலும் பன்றித் தொல்லைதான். நாட்டுத் துப்பாக்கிக்குப் பால்ரஸ் குண்டு போட்டு வைத்திருப்பார்கள், லைசென்ஸ் யாரிடமும் கேட்கக் கூடாது :) சிறு வயதில் நாங்கள் செய்யாத கூத்தில்லை. தீக்குச்சி மருந்தைச் சுரண்டி சைக்கிள் ஆரக்கம்பி மூடியில் அடைத்து ஆணி வைத்து அடித்து, என் ஒரு புருவம் இன்றைக்கும் சரியாக முளைக்கவில்லை. சும்மா சொல்ல வந்தேன்.

வக்கீல்_மாமா

மிளகுத் தம்பி, சிரிப்பான் போட்டாலும் சொல்கிறேன். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 வருசம், அதிகபட்சம் 5 வருசம். முன்பு 1 முதல் 3.

ரிட்டயர்டு_ஏட்டு

33 வருச சர்வீஸ். ஸ்டேசன் பெயர் வேண்டாம். தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ்தாரர்கள் துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைப்பார்கள், நான்தான் ரசீது போடுவேன். கொண்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மடக்கிக் குழலைத் திறக்கவே தெரியாது. தாத்தா காலத்துத் துப்பாக்கி, உள்ளே குளவி கூடு கட்டியிருக்கும். ஒருத்தர் தோட்டா உள்ளே இருப்பது தெரியாமல் மேசைமேல் படீரென்று வைத்தார், ரைட்டர் மேசைக்கு அடியில் போனவர் டீ வந்த பிறகுதான் எழுந்தார்.

கொள்ளைச் சம்பவ இடங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். வருகிறவன் திடீரென்று வருவதில்லை. பகலில் ஒருநாள் தேங்காய் கேட்டோ, தண்ணீர் கேட்டோ, வேலை கேட்டோ வந்து பார்த்துப் போயிருப்பான். வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று தெரிந்தால் அதுவும் எடுக்க வேண்டிய சாமான் பட்டியலில் சேரும். நகையை லாக்கரில் வைத்துவிட்டோம் என்று ஊர் முழுக்கத் தெரிகிற மாதிரி சொல்லுங்கள். வாசலிலும் மாட்டுக் கட்டுத்தரையிலும் விளக்கு, இரண்டு நாய், கேமரா, பீட் போலீஸ் நம்பர். துப்பாக்கி கடைசி. என் கருத்து இவ்வளவே.

சாளைக்காரன்

எல்லாவற்றையும் படித்தேன். டல்லாஸ் ராசு எழுதியதை மூன்று தடவை படித்தேன். முதல் பதிவில் சிரிக்கிற கதையை மட்டும் சொன்னேன், சிரிக்காத கதை ஒன்று இருக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது, பெரியப்பா மகனுக்குக்கூட.

1995 ஐப்பசி. அப்பாருவைக் கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள், அப்பா அம்மா அங்கே. சாளையில் நானும் அப்பத்தாவும் மட்டும். அந்தச் சமயம் டவுசர்க் கொள்ளையர் வருகிறார்கள், உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு வருகிறார்கள் என்று ஊரெல்லாம் புரளி. மழை, கரண்ட் இல்லை. பத்து மணிக்கு மேல் நாய் இரண்டு குரைப்புக் குரைத்துவிட்டு நிறுத்திக்கொண்டது. நாய் சத்தத்தை நிறுத்தினால் விசம் வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம் என்று அந்தப் புரளியிலேயே ஒரு பாடம் உண்டு. கட்டுத்தரைப் பக்கம் யாரோ படலைத் தூக்கி வைக்கிற சத்தம். நான் ஆணியிலிருந்து துப்பாக்கியை எடுத்தேன், பெட்டியிலிருந்து ஒரு தோட்டா போட்டேன், பின்கதவை ஒரு சாண் திறந்தேன். ஆள் உருவம் ஒன்று குனிந்தபடி தாழ்வாரத்துக்குள் வந்தது, தலையில் சாக்கு. யார் என்று நான் கேட்கவில்லை. இந்த ஒரு வரியைத்தான் முப்பது வருசமாக யாரிடமும் சொல்லவில்லை. கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை, விரல் வந்துவிட்டது.

டக்கென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. பழைய தோட்டா, மழைக்காலம், ஈரம் ஏறியிருக்க வேண்டும்.

அந்த உருவம் சாக்கை உதறிவிட்டு, "மாப்ளே, தூங்கிட்டயா? அக்கா இட்லி குடுத்து உட்டுது" என்றது. அம்மாவின் தம்பி. ஆயில் மில்லில் ஷிப்ட் முடிந்து, ஆஸ்பத்திரிக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு, எங்களுக்குத் துணைக்குப் படுக்க வந்திருக்கிறார். முன்வாசலில் சேறு என்று பின்னால் வந்திருக்கிறார். நாய் அவரைத் தெரிந்துகொண்டுதான் நிறுத்தியிருக்கிறது. நான் கதவுக்குப் பின்னால் துப்பாக்கியைச் சாத்திவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து அவர் முன்னால் நான்கு இட்லி தின்றேன். கெட்டிச் சட்னி. இன்றுவரை அந்தச் சட்னி எனக்கு இறங்காது.

தோட்டாவைத் திரும்பப் பெட்டியில் போட்டேன். அப்பாரு வந்த பிறகு எண்ணினேன். "பன்னண்டுங் அப்பாரு." கணக்குச் சரியாக இருந்தது. ஆனால் அதில் ஒன்றுக்கு அடியில் ஊசி குத்திய பள்ளம் இருந்தது. அவர் பார்த்தாரா என்று தெரியாது. 1996 தேர்தலுக்கு ஸ்டேசனில் ஒப்படைத்தவர் தேர்தல் முடிந்தும் வாங்கவே இல்லை, கடைசியில் கடைக்காரர் ஒருத்தருக்கு விற்றுவிட்டார். ஏன் என்று அப்பா கேட்டதற்கு, "ரினிவலுக்கு யாரு அலையறது" என்றார். ஒரு தடவையும் தவறாமல் அலைந்தவர்தான்.

பவானிக்காரி

என்ன சொல்வது என்று தெரியவில்லை. இதை உங்கள் மாமாவிடம் சொல்லுங்கள் அண்ணா.

கொடிவேரி

நான் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, உண்மையைச் சொல்கிறேன். பதினேழு வயதுப் பையன் வேறு, விவரம் தெரிந்த பெரியவர் வேறு. ஆனால் எங்கள் தோட்டத்துக்கு என் மச்சான் ராத்திரியில் கூப்பிடாமல்தான் வருவார், எப்போதும். நேற்று வந்தபோது நாய் நிறுத்தியது. நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

டல்லாஸ்_ராசு

அந்த ஈரத் தோட்டாவுக்கு ஒரு கும்பிடு.

சாளைக்காரன்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், கேட்டவர்களுக்காக.

அப்பாவிடம் சொன்னேன். மோட்டார் ரூம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். அவர் ரொம்ப நேரம் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "உங்க மாமனுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "நீயே சொல்லு, நாஞ் சொன்னா நல்லாருக்காது" என்றார். மாமாவுக்குப் போன் போட்டேன். அவருக்கு இப்போது 62, அத்தை போய் மூன்று வருசம், தாராபுரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். முழுக்கக் கேட்டுவிட்டு, "அன்னைக்கு நாலு இட்லிதான் தின்ன, எனக்கு அப்பவே சந்தேகம்டா, நீ எட்டுத் திங்கறவன்" என்றார். சிரித்தார். பிறகு போனை வைத்துவிட்டு அரை மணி கழித்து அவரே கூப்பிட்டு, வேறு எதுவும் பேசாமல் மழை பெய்கிறதா என்று கேட்டார்.

ஏட்டய்யா சொன்னபடி விளக்கு நான்கு போட்டாயிற்று, நகை லாக்கருக்குப் போயிற்று, கேமரா ஆள் வெள்ளிக்கிழமை வருகிறான். போன ஞாயிறு மாமா ஒரு பையோடு தோட்டத்துக்கு வந்துவிட்டார், கொஞ்ச நாளைக்கு இருக்கிறேன் என்று. பொழுது சாய்ந்து வந்தாராம். இட்டேரி முக்கிலிருந்தே "மாமோவ், நாந்தான், நாந்தான்" என்று கத்திக்கொண்டே வந்ததாக அம்மா சொல்லிச் சிரித்தாள்.

அப்பா மனுவைப் போட வேண்டாம் என்று இன்னும் சொல்லவில்லை. போடு என்றும் சொல்லவில்லை. பாரம் அப்படியே டிராயரில் இருக்கிறது.